செண்பா டெஸ்ட் டூ

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு இன்னைக்கு வேடிக்கை பாக்க நேரமில்ல, போன் வரும். எந்த நிமிஷமும் வரும். வந்தா நான் கொஞ்சம் சத்தமாப் பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க. சாதாரணமா ரயில்ல அப்படிப் பேசுறவன் இல்ல நான்.

மதுரைதானே? நானும் மதுரைதான். மச்சினன் பொண்ணுக்கு நாளைக்குக் காதுகுத்து. சம்சாரம் புதன்கிழமையே போயிட்டா. உண்மையச் சொன்னா, நான் போகலன்னாலும் அந்தப் பிள்ளை காதுல ஓட்டை விழத்தான் போகுது. ஆனாலும் கிளம்பிட்டேன். இன்னைக்குன்னு பாத்து, வேணும்னே கிளம்பிட்டேன். ஏன்னு கேளுங்க.

சொல்றேன். அதுக்கு முன்னாடி, நீங்க என்ன பண்றீங்க? மோட்டார் பம்பு கடையா? நல்ல தொழில். இப்ப கடைய யாரு பாத்துக்கிறா? தம்பியா. எல்லாத்தையும் அவருக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்களா? எல்லாத்தையுமேவா? அடப்பாவமே. அதான் சார், ஒரு வாரமா நீங்க சென்னையில பீச்சு, கோயில், சொந்தக்காரங்க வீடுன்னு சுத்தியிருக்கீங்க, கடையில இருந்து ஒரு போன் வரலன்னு பெருமையாச் சொல்றீங்க. நான் உங்களப் பயமுறுத்தல. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கன்னு சொல்றேன்.

என் பேரு செண்பகராஜ். பெருங்குடியில ஒரு ஐ.டி. கம்பெனியில இருக்கேன். ஜெர்மனியில ஒரு பால் கம்பெனிக்கு நாங்க கணக்குப் பாக்குறோம். நம்ம ஊரு பால் சொசைட்டி மாதிரிதான். ஊர் ஊராப் பால் எடுப்பாங்க, மாசத்துக்கு ரெண்டு தடவை மாட்டுக்காரங்களுக்குக் காசு போடுவாங்க. யாருக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடுறது எங்க சாஃப்ட்வேர். பதினோரு வருஷமா அதப் பாத்துக்கிறவன் நான். நான்னா, நான் மட்டும்தான். அது எங்க மொரண்டு பிடிக்கும், எங்க தட்டினா ஓடும், எல்லாம் இந்த மண்டையில இருக்கு. வேற எங்கயும் இல்ல.

கர்வம்னு நெனைக்காதீங்க. கேட்டா சொல்லமாட்டேனா? யாரும் சரியாக் கேக்கல.

எங்கூட ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவன் இஸ்மாயில். மேலப்பாளையத்துக்காரன். தங்கமானவன், ஆனா வாய் நிக்காது. காலையில ஒரு விஷயம் கத்துக்கிட்டான்னா மத்தியானம் சாப்பாட்டு மேசையில நாலு பேருக்கு அத அவுத்து விட்டுருவான். டிஷ்யூ பேப்பர்ல படம் போட்டுக் காட்டுவான். நானே சொல்லிப் பாத்தேன், "டேய், கையில இருக்கிறத இப்படித் தெருவுல இறைக்காதடா"ன்னு. கேக்கல. ஒரே வருஷத்துல அவன் வேலைய யாரு வேணும்னாலும் பண்ணலாம்னு ஆயிப்போச்சு. அப்புறம் என்ன மரியாதை இருக்கும்? இவன் இல்லன்னாலும் இங்க எல்லாம் ஓடும்னு தெரிஞ்சதும் ஜெர்மனிக்கு அனுப்பிட்டாங்க. பாவம், ரொம்ப நாள் அங்க குளிர்லயே கிடந்தான். திரும்பி வந்ததும் அவன என்ன பண்றதுன்னு தெரியாம மேனேஜர் ஆக்கிட்டாங்க. இப்ப எனக்கு மேலதிகாரி அவன்தான்.

எனக்கும் ஜெர்மனி போகணும்னு ஆசைதான் சார். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, ரொம்ப ஆசை. வருஷா வருஷம் கேப்பேன். வருஷா வருஷம் ஒரே பதில்தான். "செண்பா, நீ போயிட்டா இத யாருடா பாக்குறது?" அதக் கேக்கும்போது மனசு குளுந்துரும். வீட்டுல போயி, "பாத்தியா, என்னை விடமாட்டேங்கிறாங்க"ம்பேன். என் சம்சாரம், "ஆமா, வாட்ச்மேனையும்தான் விடமாட்டேங்கிறாங்க"ம்பா. அவளுக்கு ஆபீஸ் விஷயம் பிடிபடாது. ஆசையா ஒரு குளிர் கோட்டு வாங்கி பீரோவுல வச்சிருந்தேன். அத அவ தம்பி கொடைக்கானலுக்குப் போட்டுட்டுப் போயி, இன்னும் திருப்பித் தரல.

இருங்க, போன் பாத்துக்கிறேன். ம்ஹூம். டவர் இருக்கு. சார்ஜும் இருக்கு.

விஷயம் என்னன்னா, அந்தப் பழைய சாஃப்ட்வேர இப்பத் தூக்கிட்டு புதுசு போடுறாங்க. வீடு மாத்துற மாதிரிதான். பழைய வீட்டுல இருக்கிற ஒவ்வொரு சாமானும் சேதாரம் இல்லாமப் புது வீட்டுக்குப் போய்ச் சேரணும். பால் காய்ச்சுற நாள் இன்னைக்கு. அதாவது இன்னைக்குக் காலையில பழசு நிக்கும், புதுசு ஓடும். அதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு, "செண்பா, மெர்லினுக்குக் கே.டி. குடு"ன்னான் இஸ்மாயில்.

கே.டி.ன்னா, நமக்குத் தெரிஞ்சத இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுக்கிறது. கேக்க நல்லாத்தான் இருக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி ஆட்டுத் தலையில மஞ்சத்தண்ணி தெளிப்பாங்கல்ல, அதுதான் சார் கே.டி. எங்க டீம்ல ரகோத்தமன்னு ஒருத்தர் இருந்தார். கே.டி. குடுங்கன்னாங்க, மனுஷன் ஒண்ணு விடாமக் குடுத்தார். முடிச்ச அடுத்த மாசமே கேக் வெட்டிக் கைகுலுக்கி அனுப்பிட்டாங்க. என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. இந்த வயசுல வெளிய போயி யாரு வாசல்ல நிக்கிறது சொல்லுங்க? பயம்தான் சார். வேற ஒண்ணுமில்ல.

அவர்கிட்ட கே.டி. வாங்கினது யாரா? நான்தான். அது வேற விஷயம்.

மெர்லின் நாகர்கோவில் பொண்ணு. வேலைக்கு வந்து ரொம்ப நாள் ஆகல. "அண்ணா, அண்ணா"ன்னு மரியாதையாப் பேசும். எங்க ஆபீஸ்ல மீட்டிங் ரூமுக்கெல்லாம் ஆத்துப் பேரு வச்சிருப்பாங்க. தாமிரபரணின்னு ஒரு ரூம், உள்ள ஏசி வேலை செய்யாது. அங்க உக்காந்து அந்தப் பொண்ணுக்கு நான் சொல்லிக் குடுத்தேன் பாருங்க, அப்படி ஒருத்தன் சொல்லிக் குடுத்திருக்க மாட்டான். அந்தப் பால் கம்பெனிய யாரு ஆரம்பிச்சா, அவருக்கு எத்தனை மருமகன், எந்த மருமகன் சண்டை போட்டுப் பிரிஞ்சான், எல்லாம் சொன்னேன். அங்க மாடு எத்தனை வகைன்னு சொன்னேன். யாரும் தொடாத ஸ்கிரீனையெல்லாம் தொறந்து காட்டினேன். எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணினோம். "அண்ணா, இதுல முக்கியமானது எது அண்ணா?"ன்னு கேக்கும். "எல்லாமே முக்கியம்தான் மா"ம்பேன். அது உண்மைதானே?

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லல.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க பம்பு கடைக்காரர். அந்தப் பால் கம்பெனிக்கு எல்லா ஊர்லயும் பால லிட்டர்ல அளப்பாங்க. மலைப்பக்கம் கொஞ்சம் ஊர்ல மட்டும் தராசுல நிறுத்துக் கிலோவுல எழுதுவாங்க. லிட்டரும் கிலோவும் பக்கத்துப் பக்கத்துல வரும், ஆனா ஒண்ணு இல்ல. கணக்குப் போடுறதுக்கு முன்னாடி கிலோவ லிட்டரா மாத்தியாகணும். அத மாத்துறதுக்கு, வந்த புதுசுல ஒரு வாரத்துக்கு ஓடட்டும்னு சின்னதா ஒரு ப்ரோகிராம் எழுதினேன். தற்காலிகம்தானேன்னு "செண்பா டெஸ்ட் டூ"ன்னு பேரு வச்சேன். டெஸ்ட் ஒண்ணு சரியா வரல, அதனால டூ. அந்த ஒரு வாரம் இன்னும் முடியல. பதினோரு வருஷமா ஒரு நாட்டோட பால் கணக்கே அந்த டெஸ்ட் டூ மேலதான் நிக்குது. ஆனா பேரப் பாத்தா, குப்பைன்னு எவனும் தூக்கிப் போட்டுருவான்.

ரிவர்ஸ் கே.டி.ன்னு ஒண்ணு இருக்கு சார் எங்ககிட்ட. கத்துக்கிட்டவங்க எல்லாருக்கும் முன்னாடி திருப்பி ஒப்பிக்கணும். இஸ்மாயில் உக்காந்திருக்கான், ஜெர்மனிக்காரங்க ஸ்கிரீன்ல இருக்காங்க. அந்தப் பொண்ணு அழகா ஒப்பிச்சது, மருமகன் கதைய மட்டும் விட்டுருச்சு. நடுவுல நிறுத்தி, "அண்ணா, இந்த செண்பா டெஸ்ட் டூ எதுக்கு அண்ணா?"ன்னு கேட்டுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சமாளிச்சுக்கிட்டு, "அதான் பேரே சொல்லுதே மா, டெஸ்டு"ன்னேன். "அப்ப விட்டுரலாமா அண்ணா?" "உன் இஷ்டம் மா"ன்னேன்.

இதுல பொய் எங்க சார் இருக்கு? அது பேரு டெஸ்டுதான். இஷ்டமும் அந்தப் பொண்ணு இஷ்டம்தான். அத எடுத்தா என்ன ஆகும்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல.

முறைக்காதீங்க. யாருக்கும் நஷ்டம் வராது, அதெல்லாம் யோசிச்சுட்டேன். இன்னைக்குக் காலையில புதுசு ஓடும். மலைப்பக்கத்துக் கணக்கு இடிக்கும். கொஞ்ச நேரம் அலறுவாங்க, ஓடுவாங்க. அப்புறம் இஸ்மாயில் எனக்குப் போன் போடுவான். "செண்பா, எங்கடா இருக்க?" "காதுகுத்துக்குப் போயிட்டு இருக்கேன்டா, சொல்லு." "மானம் போகுதுடா, என்னமோ இடிக்குது." நான் ரெண்டு நிமிஷம் யோசிக்கிற மாதிரி இருந்துட்டு, "அந்த டெஸ்ட் டூவ ஓட்டிப் பாரு"ம்பேன். முடிஞ்சுது. அதுக்கப்புறம் எவனாவது என் தலையில மஞ்சத்தண்ணி தெளிப்பானா? அதுக்குத்தான் லீவு போட்டேன். ஆபீஸ் குரூப்பக்கூட வியாழக்கிழமையே மியூட்ல போட்டுட்டேன். வேணும்னா கூப்பிடட்டும்.

ஆனா பாருங்க, விழுப்புரம் போச்சு. விருத்தாசலம் போச்சு. இன்னும் கூப்பிடல. ஜெர்மனியில இந்நேரம் எல்லாரும் ஆபீஸ் வந்திருப்பாங்க.

ஒரு உதவி பண்ணுங்களேன். என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, போன் வேலை செய்யுதான்னு பாப்போம். சொல்றேன், போட்டுக்குங்க. அடிக்குது. நல்லாத்தான் அடிக்குது. இன்னொரு தடவை குடுங்க. சரி, போதும் போதும். அப்ப ஏன் வரல? ரொம்பப் பெரிய சேதமா ஆயிப்போச்சோ? கூப்பிடக்கூட நேரமில்லாம ஓடிக்கிட்டு இருக்காங்களோ? பாவம் சார் அந்தப் பொண்ணு, நல்ல பொண்ணு. அழுதுக்கிட்டு உக்காந்திருக்கும். நானே கூப்பிட்டுச் சொல்லிரலாமான்னுகூட நேத்து ஒரு தடவை தோணுச்சு. ஆனா நாமளாப் போய்ச் சொன்னா அதுக்கு என்ன மதிப்பு இருக்கு?

முறுக்கா? வேண்டாம் சார், வாயில முறுக்கோட எப்படிப் போன் பேசுறது? சரி, ஒண்ணே ஒண்ணு குடுங்க.

வருது. வருது சார், பாத்தீங்களா, இஸ்மாயில்தான். நாலஞ்சு தடவை அடிக்கட்டும். உடனே எடுத்தா காத்துக்கிட்டு இருந்த மாதிரி ஆயிரும்.

சொல்லுடா இஸ்மாயில். ரயில்லதான் இருக்கேன். சொல்லு, பதறாதே. என்ன ஆச்சு, எது இடிக்குது? ஓ. எப்ப? ஓ. முழுசாவா? மலைப்பக்கமுமா? அது எப்படி? யாரு, மெர்லினா? சரி. சரிடா. இல்ல, எனக்குச் சந்தோஷம்தான், குரல்ல என்ன? ரயில் சத்தம். எங்க? யாரு, நானா? நெசமாவா சொல்ற? யாரு அவரு? ம். ம். அப்படியா சொன்ன? சரிடா. வச்சிரு. சரி.

கொஞ்சம் தண்ணி குடுங்க சார்.

முடிஞ்சிருச்சாம். நான் விழுப்புரத்துல வடை வாங்கிக்கிட்டு நிக்கும்போதே முடிஞ்சிருச்சாம். ஒரு லிட்டர்கூட இடிக்கலையாம். ஜெர்மனிக்காரன் கைதட்டினானாம்.

எப்படின்னு கேளுங்க. வியாழக்கிழமை ஒத்திகை பாத்திருக்காங்க. மலைப்பக்கத்துக் கணக்கு இடிச்சிருக்கு. அந்தப் பொண்ணு என்ன பண்ணியிருக்கு தெரியுமா? ஜெர்மனிக்காரங்க, பெரிய மேனேஜருங்க, எல்லாரும் இருக்கிற குரூப்புல போயி, "எனக்கு இது புரியல. நான் எங்கயோ தப்பு பண்றேன். யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க"ன்னு எழுதியிருக்கு. எனக்குக் கேக்கவே கூசுது சார். இத்தனை வருஷத்துல அப்படி ஒரு வார்த்தைய நான் ஆபீஸ்ல சொன்னதே இல்ல. புரியலன்னா பாத்ரூம் போற மாதிரி எந்திரிச்சுப் போயிருவேன், யாருக்கும் தெரியாது.

அதப் பாத்துட்டு டெஸ்டிங் டீம்ல ஒருத்தன், எல்லா ஊர்லயும் ஒரே அளவுல இடிக்குதேன்னு சொல்லியிருக்கான். பால் வண்டி கணக்குப் பாக்குற டீம்ல இன்னொருத்தன், அது எல்லாமே மலை ஊருன்னிருக்கான். அங்க ஜெர்மனியில கணக்குப் பிரிவு அம்மா ஒருத்தங்க, அந்த ஊர்லயெல்லாம் தராசுலதான் போடுவாங்கன்னு சொல்லியிருக்காங்க. இந்தப் பொண்ணு அப்புறம் போயி டெஸ்ட் டூவத் தொறந்து பாத்திருக்கு. முடிஞ்சுது கதை. ஆளுக்கு ஒரு துண்டு வச்சிருந்திருக்காங்க, ஒருத்தன்கிட்டயும் முழுசா இல்ல. முழுசா வச்சிருந்த நான் குரூப்ப மியூட்ல போட்டுட்டு உக்காந்திருக்கேன்.

பேரையும் மாத்திட்டாங்களாம். "பால் அளவு மாற்றம்"னு வச்சுட்டாங்களாம். பதினோரு வருஷம் அதுல என் பேரு இருந்துச்சு சார்.

இதுல இன்னொரு கூத்து. எல்லாரும் பாராட்டும்போது அந்தப் பொண்ணு, "செண்பகராஜ் அண்ணா நல்லாச் சொல்லிக் குடுத்தாங்க, அதனாலதான் முடிஞ்சுது"ன்னு சொல்லியிருக்கு. குத்திக் காட்டல சார், நெசமாவே அப்படித்தான் நெனைக்குது. அது திட்டியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது.

இல்ல சார், வேலையெல்லாம் போகல. அதச் சொல்லத்தான் வந்தேன். ஜெர்மனி. என்னைத்தான். அடுத்த மாசமே. "இப்ப உன்ன விடுறதுல ஒரு பிரச்சனையும் இல்லடா"ன்னான் இஸ்மாயில், சிரிச்சுக்கிட்டே. இத்தனை வருஷம் ஆசைப்பட்டது கிடைச்சிருச்சு, துள்ளிக் குதிக்கணும் நான். ஆனா அந்த ஒரு பிரச்சனையும் இல்லங்கிறது இருக்கு பாருங்க, அது நெஞ்சுல போயி உக்காந்துக்கிச்சு. ஒரு சின்னப் பிரச்சனையாவது இருந்திருக்கலாம்.

எதுக்கு அனுப்புறாங்கன்னா, அந்தப் பால் கம்பெனியில குந்தர்னு ஒரு பெரியவர் இருக்காராம். பாலாடைக்கட்டி குடோன் கணக்கு முழுக்க அவர்தான். அவர் ஒருத்தர்தான். சீக்கிரம் ரிட்டயர் ஆகுறார். அவர்கிட்ட கே.டி. வாங்க யாரு யாரையோ அனுப்பிப் பாத்துட்டாங்களாம். எல்லாருக்கும் காபி குடுக்குறாராம், நாள் பூரா பேசுறாராம், எந்த ஸ்கிரீனக் கேட்டாலும் காட்டுறாராம். திரும்பி வந்து பாத்தா கையில ஒண்ணும் இல்லையாம். இஸ்மாயில் சொல்றான், "அவர் சொல்றதக் கேட்டு எழுதிக்க எங்ககிட்ட ஆள் இருக்குடா. அவர் எதச் சொல்லாம விடுறார்னு கண்டுபிடிக்க உன்ன விட்டா இந்தக் கம்பெனியில ஆளே கிடையாது"ன்னு.

பாத்தீங்களா சார்? இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒருத்தன் என் திறமையச் சரியா எடை போட்டுச் சொல்லியிருக்கான்.

ஆனா அந்த குந்தர் பண்றது அநியாயம் சார். சம்பளம் வாங்குற இடத்துல கத்துக்கிட்டது, அது என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா? நாலு பேருக்குச் சொன்னாத்தானே கம்பெனி ஓடும்? நாளைக்கு மனுஷன் படுத்துட்டா அந்தக் குடோன் என்ன ஆகுறது? இப்படிப்பட்ட ஆளுங்களாலதான் ப்ராஜெக்டெல்லாம் குட்டிச்சுவராப் போகுது. நீங்க ஏன் சார் சிரிக்கிறீங்க? நான் சீரியஸாப் பேசிக்கிட்டு இருக்கேன்.

எப்படிப் பேச வைப்பேனா? அதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஆளு எதுக்குப் பயப்படுவான், எதச் சொன்னா இளகுவான், எந்தக் கேள்விய எப்படித் திருப்பிப் போட்டா வாயத் தொறப்பான், எனக்கு அத்துப்படி. ஒரே ஒரு விஷயம்தான் சார், அதச் சரியாச் செஞ்சா அவர் கடகடன்னு கொட்டிருவார்.

என்ன விஷயமா?

இல்ல சார். கோச்சுக்காதீங்க, நீங்க நல்ல மனுஷன், முறுக்கெல்லாம் குடுத்தீங்க. ஆனா அத மட்டும் கேக்காதீங்க. அதச் சொல்லிட்டேன்னா அப்புறம் இஸ்மாயில் என்னை எதுக்கு அனுப்புறான்? கடையத்தான் தம்பி பாத்துக்கிறாரே, நீங்க சும்மாத்தானே இருக்கீங்கன்னு உங்கள அனுப்பிருவான்.